அரசு மருத்துவமனையில் தலைப்பிரசவம்: பிரசவ அறைக்கு நாலு நட்சத்திரம், கழிவறைக்கு ஒன்று

முதலில் தீர்ப்பு, அப்புறம் வழக்கு. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் எனக்குத் தலைப்பிரசவம் ஆனது. சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.9 கிலோ. பிரசவ அறைக்குள் கிடைத்த கவனிப்புக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த அறைக்கு வெளியே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு. கழிவறைக்குத் தனியாக ஒன்று, அதுவும் தண்ணீர் வந்த நேரங்களுக்காக.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. கைநீட்டி வாங்கிய ஆட்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. பெயரைப் போட்டால் முதலில் மாட்டப்போவது அவர்கள் அல்ல, அன்றைக்கு ராத்திரி டூட்டியில் இருந்த நர்ஸம்மாதான். அது எனக்கு வேண்டாம்.

நான் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். வீடு சூளைமேட்டில். மாத்திரைப் பெயர்களும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் எனக்குப் புதிதில்லை. என் அத்தை, அதாவது மாமியார், எங்கள் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் பிறந்தது கோஷா ஆஸ்பத்திரியில். இன்று கஸ்தூர்பா காந்தி என்று போர்டு இருந்தாலும் அத்தைக்கு அது கோஷாதான். 1885ல், ஆண் டாக்டர் முன்னால் வராத கோஷாப் பெண்களுக்காகத் தொடங்கியது. நான் போனது அந்த ஆஸ்பத்திரி அல்ல. ஆனால் "அரசு ஆஸ்பத்திரின்னா இன்னா கேவலமா?" என்று அத்தை கேட்டதற்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரி என் முதல் விருப்பம் இல்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து ஒரு தனியார் மருத்துவமனையில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நார்மலுக்கு 65,000, சிசேரியனுக்கு 1,10,000 என்று பேக்கேஜ். ஏசி அறை, டிவி, பார்வையாளருக்கு சோபா. கடைசி மாத ஸ்கேனில் குழந்தையின் கழுத்தில் தொப்புள் கொடி ஒரு சுற்று இருப்பதாக வந்தது. அந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்த வேகத்திலேயே சொன்னார்: "ரிஸ்க் எதுக்கு? நல்ல நாள், நேரம் குறிச்சிட்டு வாங்க, எடுத்துடலாம்." ஜோசியரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லும் டாக்டரை அன்றுதான் பார்த்தேன். அவர் மட்டுமா? 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியாரில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 64 சிசேரியன். அரசில் 36. அரசிலும் அது குறைவான எண்ணிக்கை இல்லைதான், ஆனாலும் தனியாரில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுதான்.

ஸ்கேன் தாளை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனை ஓ.பி.க்குப் போனோம். காலையிலேயே வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. பெஞ்சில் இடம் இல்லை, நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து நின்றவர்கள்தான் அதிகம். அங்கே இருந்த மூத்த டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "ஒரு சுத்துதானே? நாலு குழந்தையில ஒண்ணுக்கு இப்படித்தான் இருக்கும். குழந்தை அசையுதா?" என்றார். அசைகிறது என்றேன். சாப்பிட்டதும் இடப்பக்கம் சரிந்து படுத்து அசைவை எண்ணு, குறைந்தால் ராத்திரி எந்நேரம் ஆனாலும் வா, மற்றபடி வலி வரட்டும் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் நான் ஆஸ்பத்திரியை முடிவு செய்தேன்.

நடுவில் மாறினாலும் எனக்குத் தொல்லை இல்லாமல் போனதற்குக் காரணம் எங்கள் ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் சிஸ்டர். நாள் தள்ளிப்போனதுமே அத்தை என்னை அங்கே இழுத்துப்போய்ப் பதிவு செய்ய வைத்திருந்தார். அப்போது தரும் பன்னிரண்டு இலக்கக் கர்ப்பப் பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாரில் பார்த்தாலும் இந்தப் பதிவு வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்திலும் சுலபமாகச் சேரலாம். மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பெட்டகத்தில் பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு எல்லாம் இருந்தன. நெய்யை அத்தை கடைக்கு எடுத்துக்கொண்டு போகாமல் காப்பாற்றியது என் தனிச் சாதனை. எனக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.2தான் இருந்தது. அதே சுகாதார நிலையத்தில் அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள், காசு கிடையாது. அந்த ஊசியின் விலை கடையில் பில் போட்ட எனக்குத் தெரியும்.

வலிக்கு வருகிறேன்.

ஒரு சாயங்காலம் இடுப்பில் பிடித்துக்கொண்டது. அத்தை உடனே ஆட்டோவுக்கு ஓடவில்லை. சீரகத்தைக் கருக வறுத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பது கணக்கு. சீரகத்தில் என்ன மருத்துவம் இருக்கிறதோ, ஆனால் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்துப் பார் என்பதில் விஷயம் இருக்கிறது. பொய் வலி நடந்தால், படுத்தால் கலைந்துவிடும், நிஜ வலி இடைவெளி குறைந்துகொண்டே வரும். எனக்குக் குறைந்தது. பத்து மணிச் செய்தி முடிவதற்குள் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை வந்துவிட்டது. 108ஐக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார்.

சேர்க்கும் இடத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. சீட்டு போடும் ஜன்னல் ஒரு பக்கம், பரிசோதனை அறை இன்னொரு பக்கம். வலி வரும்போது நின்று, போனதும் நடந்து, இரண்டுக்கும் நடுவில் என்னை அலைய விட்டார்கள். சக்கர நாற்காலி காலியாக இருந்தது, தள்ள ஆள் இல்லை. நூறு ரூபாய் நோட்டு கைமாறியதும் ஆள் வந்தார். அப்புறம் வழக்கமான சடங்கு: நகை, வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, கவுன் மாட்டி, தலைமுடியை இரட்டைச் சடையாகப் பின்னிக்கொள்ள வேண்டும். முப்பது வயதில் இரட்டைச் சடை. கண்ணாடி இல்லாதது நல்லது.

இங்கேதான் நான் இந்த மருத்துவமனைக்குக் கொடுக்கும் நாலில் ஒரு முழு நட்சத்திரம் இருக்கிறது. உதவிக்கு ஒரு பெண்ணை உள்ளே கூட வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே இந்த ஏற்பாடு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை, கேட்டால்தான் சில இடங்களில் சொல்கிறார்கள். பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது, சளி, இருமல் இருக்கக் கூடாது, டாக்டர் வேலையில் தலையிடக் கூடாது, அவ்வளவுதான். கணவரை விட மாட்டார்கள். பொது அறை, பத்துக் கட்டில், நடுவில் துணித் திரைதான். அதனால் அது நியாயமே. (நான் முன்பு பார்த்த தனியாரில் யாரையும் விட மாட்டார்களாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சோபா மட்டும்.)

என் அம்மா வந்தவாசியிலிருந்து வந்திருந்தார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கே தலைசுற்றும். அதனால் அத்தை வந்தார். எங்களுக்குள் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது என்பதை அவரும் மறுக்க மாட்டார். ஆனால் உள்ளே வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒவ்வொரு வலிக்கும் என் இடுப்பெலும்புக்குக் கீழே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்தியது. முப்பது வருடம் இட்லி மாவு ஆட்டிய கை. விடியும் வரை அந்தக் கை எடுக்கவில்லை. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பிறகு சிஸ்டர் பார்த்துவிட்டு, "அப்படியே பண்ணுங்கம்மா, நாங்க சொல்றதே அதான்" என்றார்.

வலி மரத்துப்போக முதுகில் போடும் எபிடியூரல் ஊசி கிடைக்குமா என்று கேட்டேன். மயக்க டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார் என்றார்கள். வேறு ஒருமுறை கேட்டபோதும் ஆபரேஷனில்தான் இருந்தார். வலி மரத்துப்போகும் வசதி முக்கியம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். நான் அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அத்தையின் கை இல்லாவிட்டால் நானே தனியாருக்கு மாறியிருப்பேன்.

உள்ளே போனபோது கருப்பை வாய் திறந்திருந்தது மூன்று சென்டிமீட்டர். விடிகாலையில் பார்த்தபோதும் நாலுதான். அழுதுவிட்டேன். இவ்வளவு வலி ஒரே ஒரு சென்டிமீட்டருக்கா? அப்போது அங்கே இருந்த முதுகலை படிக்கும் டாக்டர் பெண், என்னைவிட வயதில் சின்னவள், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். முதல் பிரசவத்தில் 5 சென்டிமீட்டர் வரை உடம்பு தயாராகிற கட்டம், அதற்கு நேரக் கணக்கே கிடையாது. அதற்கு மேல்தான் வேகம் பிடிக்கும், அதுவும் பன்னிரண்டு மணி நேரம் வரை போகலாம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கைப் பார்த்து அவசரப்பட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018ல் சொல்லிவிட்டது. "உங்க பாப்பா துடிப்பு நல்லா இருக்கு, உங்க பி.பி. நல்லா இருக்கு. நமக்கு என்ன அவசரம்?"

இந்த "நமக்கு என்ன அவசரம்" என்பதற்காகத்தான் நான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன். சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை. அரை மணிக்கு ஒருமுறை சிஸ்டர் டாப்ளரை வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். சந்தேகம் வந்தபோது, துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் சி.டி.ஜி. பெல்ட்டைக் கட்டி இருபது நிமிடம் பார்த்தார்கள். படுத்தே கிடக்காதே, நட, தண்ணீர் குடி, சிறுநீர் அடக்காதே என்று விரட்டினார்கள். பனிக்குடம் தானாக உடைந்தபோது வேலையை விட்டு ஓடிவந்து முதலில் பார்த்தது தண்ணீரின் நிறத்தை. "தெளிவா இருக்கு" என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அப்புறம் இந்த நிதானம் எல்லாம் நடக்காது. காத்திருப்பது வேறு, கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதே அறையில் காத்திருக்காததையும் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் வியாசர்பாடிப் பெண். அவளுக்கு எல்லாம் என்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வலிக்கு அப்புறம் குழந்தையின் துடிப்பு இறங்கியது, ஏறவில்லை. இடப்பக்கம் திருப்பினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், டாக்டர் ஒரு பார்வை பார்த்தார், அடுத்த நொடி கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கையெழுத்துக்கு அவள் அம்மாவைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. பையன், நல்லபடியாகப் பிறந்தான், மறுநாள் வார்டில் பார்த்தேன். சிசேரியன் கெட்டது என்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று அது நடக்காவிட்டால் அந்தப் பையன் இல்லை. ஜோசியர் குறித்த நேரத்துக்கு அல்லாமல், தேவைப்பட்ட நேரத்துக்கு நடந்தது என்பதுதான் வித்தியாசம்.

இனி பிரசவ அறையில் குறைந்த ஒரு நட்சத்திரம். முதல் காரணம், உள்பரிசோதனை. அது போதனா மருத்துவமனை. மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும், சரி. ஆனால் ஒருவர் பார்த்து முடித்த சூட்டோடு இன்னொருவர் கையுறை மாட்டுகிறார். பெயர் சொல்வதில்லை, "பார்க்கலாமா" என்று கேட்பதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது அவர்கள் சுவரில் ஒட்டியிருந்த அட்டையிலேயே இருந்தது. கடைசியில் அத்தைதான், "ஏம்மா, இப்பதான் ஒரு பொண்ணு பார்த்துட்டுப் போச்சு, அதுங்கிட்ட கேட்டுக்கோயேன்" என்று ஒரு மாணவியைத் திருப்பி அனுப்பினார். தலையிடக் கூடாது என்ற விதியை மீறியதுதான். மீறட்டும்.

இரண்டாவது காரணம் எனக்கு நடந்ததல்ல. எதிர்க் கட்டிலில் கத்திக்கொண்டிருந்த சின்னப் பெண்ணிடம் ஓர் ஆயா, அரசு ஆஸ்பத்திரி என்றாலே நம் ஊர்ப் பெண்கள் பயப்படும் அந்த அசிங்கமான வசனத்தைச் சொன்னார். புருஷனோடு இருந்தபோது கத்தினாயா என்கிற அந்த வசனம். எழுதவே கூசுகிறது. சிஸ்டர் கேட்டுவிட்டு, "வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்று ஆயாவை அதட்டினார். ஆனால் சொன்னது சொன்னதுதான். அந்தப் பெண் அதற்கப்புறம் கத்தவில்லை, திரைத்துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

என் முறை காலை ஒன்பதை ஒட்டி வந்தது. "முக்கணும் போல இருக்கு" என்றதும் சிஸ்டர் பார்த்துவிட்டு, முழுசாகத் திறந்துவிட்டது என்றார். அதுவரை வலி என்னை வைத்து வேலை செய்துகொண்டிருந்தது, அதற்கப்புறம் நான் அதை வைத்து வேலை செய்தேன். தலையணையை முதுகுக்குக் கொடுத்துப் பாதி உட்கார வைத்தார்கள். "வலி வரும்போது மட்டும் முக்கு. தொண்டையில கத்தாத, கீழ முக்கு. மலச்சிக்கல்ல முக்குற மாதிரி, வெக்கப்படாத." அத்தை ஒரு பக்கம் என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "முக்கு கண்ணு, தோ வந்துடுச்சு, தோ வந்துடுச்சு" என்று வராததை எல்லாம் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணிக்கு மேல் அப்படியே போனது. தலை வெளியே தெரியும்போது எரியும். மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த எரிச்சல் அது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். அந்த நேரத்தில் சிஸ்டர், "முக்காத, இப்ப முக்காத, ஊது, மெழுகுவத்தி ஊதற மாதிரி ஊது" என்றார். அவர் கை குழந்தையின் தலையை மெல்ல மெல்ல விட்டது. கத்தி வைக்கவில்லை. சின்னக் கிழிசல் மட்டும், அப்புறம் மரத்துப்போகும் ஊசி போட்டு மூன்று நாலு தையல்.

தலை வந்ததும், "கழுத்துல ஒரு சுத்து இருக்கு" என்று சிஸ்டர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் அந்தக் கொடியின் அடியில் ஒரு விரலைக் கொடுத்து, மாலையைக் கழற்றுவதுபோல் தலை வழியே எடுத்துவிட்டார். அவ்வளவுதான். 1,10,000 ரூபாய்க்குப் பயமுறுத்திய சுற்று அவ்வளவுதான். எல்லாக் குழந்தைக்கும் இப்படிச் சுலபமாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், இறுக்கமாக இருந்தால் வேறு மாதிரி கையாள வேண்டியிருக்கும். ஆனால் ஸ்கேனில் ஒரு சுற்று தெரிந்தது என்பதற்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

குழந்தையைத் துடைத்து நேராக என் நெஞ்சில் போட்டார்கள். கொடியை உடனே வெட்டவில்லை, துடிப்பு அடங்கும் வரை விட்டார்கள். என் தொடையில் ஆக்சிடோசின் ஊசி, ரத்தப்போக்கு கட்டுப்பட. நஞ்சுக்கொடி வந்ததும் முழுதாக வந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார். குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி. மருந்துக் கடைக்காரியாக, குப்பியின் பெயரைப் படித்துவிட்டுத்தான் திருப்தியானேன். அத்தை, "மூக்கு எங்க வூட்டு மூக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பால் கொடுக்க வைத்துவிட்டார்கள்.

சரி, இப்போது காசு. பிரசவ அறையிலிருந்து வார்டுக்கு மாற்றும்போது ஆயாவும் டிராலி தள்ளுபவரும் வந்து நின்றார்கள். பையன் என்றால் 500, பெண் என்றால் 300. ரேட் கார்டு மாதிரியே சொன்னார்கள். நான் புகார் கொடுப்பேன் என்று வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "இன்னா, எம் பேத்தி இருநூறு ரூபா கம்மியா?" என்று சண்டை பிடித்து, 500 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார். லஞ்சத்தில் சமத்துவம். எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. நீங்கள் கொடுக்காதீர்கள். கொடுக்காமல் இருந்தால் டிராலி தாமதமாகும், வேறொன்றும் ஆகாது. எதிர்க் கட்டில் பெண் வீட்டார் கொடுக்கவில்லை, அவர்களும் வார்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வார்டு. மின்விசிறி சுற்றியது, கொசுவும் சுற்றியது. படுக்கை விரிப்பு மாற்றினார்கள். கழிவறையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது: தையல் போட்ட உடம்போடு போகிற இடத்தில் தாழ்ப்பாள் இல்லாத கதவு, உடைந்த குழாய், மதியத்துக்கு மேல் தண்ணீர் இல்லை. துப்புரவு செய்கிற பெண் ஒருத்திதான், மொத்த மாடிக்கும். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவரை ஒருத்தியாக விட்டவர்களைச் சொல்கிறேன். ஒரு பக்கெட், மக், சின்ன பினாயில் பாட்டில் கட்டாயம் எடுத்துப்போங்கள்.

வார்டு நர்ஸ் நல்ல கண்டிப்பு. அத்தை குழந்தைக்குச் சேனை வைக்கத் தேன் கொண்டுவந்திருந்தார். நல்ல குணமுள்ள பெரியவர் கையால் நாக்கில் தொட்டு வைத்தால் குழந்தைக்கும் அதே குணம் வரும் என்று நம்பிக்கை. அந்தப் பெரியவர் தான்தான் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. நர்ஸ் பாட்டிலைப் பிடுங்கி ஜன்னலில் வைத்தார். ஒரு வயது வரைக்கும் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து, ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கிடையாது, சீம்பால்தான் சேனை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். அத்தை முறைத்தார், ஆனால் வைக்கவில்லை. பால் இறங்காமல் நான் தவித்தபோது அதே நர்ஸ் உட்கார்ந்து, காம்பை மட்டும் கொடுக்காதே, கருவட்டம் முழுக்க வாய்க்குள் போக வேண்டும் என்று குழந்தையின் தாடையைப் பிடித்துக் காட்டினார். அதற்குச் சில தனியாரில் தனிக் கட்டணம்.

அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொள்ளச் சொல்லி மாற்றி மாற்றி ஆள் வந்தது மட்டும் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றால் அது பதிலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டார்கள். போட்டுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் இஷ்டம், உங்களைக் கேட்காமல் போடக் கூடாது. பிரசவத்துக்குப் போகும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே வைத்து யோசிக்க விட மாட்டார்கள்.

வெளியே என் வீட்டுக்காரரின் அனுபவம் ஒரே வரி: வேப்ப மரத்தடியில் பாய், அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், காவலாளியோடு தினம் ஒரு சண்டை. இட்லிக் கடைக்காரி மகன் ஒரு ரூபாய் இட்லியைப் பாராட்டியதை அத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று குழந்தையைப் பார்த்தார்கள். பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் பிறந்த கையோடு போட்டாகிவிட்டது. குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கிடைத்தது. 2015ல் தொடங்கிய திட்டம், கொசுவலை, துண்டு, சோப்பு, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருள். கொசுவலை அருமை, லேகியம் அத்தை கிண்டியதைவிடச் சுமார். 102 வண்டியில் இலவசமாக வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஓட்டுநர் காசு கேட்கவில்லை, டீ கொடுத்தபோதும் வாங்கவில்லை. பிறப்பைப் பதிவது 21 நாளுக்குள், அதை மருத்துவமனையே அனுப்பிவிடும். பெயர் வைக்காவிட்டால் கவலை வேண்டாம், ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். மாநகராட்சி இணையதளத்தில் சான்றிதழை நீங்களே இறக்கிக்கொள்ளலாம், புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

யார் போகலாம்? உடம்பில் பெரிய சிக்கல் இல்லாமல், கூட நிற்க ஒரு தெம்பான பெண் இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். சிக்கல் இருப்பவர்களும் போகலாம். கஷ்டமான கேஸ் என்றால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகளே கடைசியில் அங்கேதான் அனுப்புகின்றன, என் கண் முன்னாலேயே ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. தனி அறை, தனிக் கழிவறை, வலி தெரியாத பிரசவம் வேண்டும் என்பவர்கள் போக வேண்டாம், ஏமாந்து போவீர்கள். தனியாக வந்து படுக்க நேரும் பெண்ணுக்கு அந்த இடம் ரொம்பக் கொடுமை. எதிர்க் கட்டில் பெண்ணுக்குத் துணைக்கு வந்திருந்தவர், துணையை உள்ளே விடுவார்கள் என்றே தெரியாமல், ராத்திரி முழுக்க வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சேர்க்கும்போதே, "கூட ஆள் உள்ளே வரணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாட்டேன் என்றால், காசு கேட்டால், கேவலமாகப் பேசினால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்கு அடியுங்கள். ஆயா பேசிய வசனத்துக்காக நான் வீட்டுக்கு வந்ததும் அடித்தேன். தேதி, வார்டு, நேரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.